ஹாலோ நைட் விளையாட்டை முடிப்பது எப்படி: கிணற்றடி முதல் கறுப்பு முட்டைக் கோயில் வரை

ஈரோட்டில் எங்கள் வீட்டில் மூன்று பேர் ஹாலோ நைட் என்னும் இந்தக் கணினி விளையாட்டைத் தொடங்கி முடித்ததை அருகில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். ஒருவன் அக்காள் மகன், மற்றொருவர் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி, மூன்றாமவர் சோமனூரில் விசைத்தறி ஓட்டும் நண்பர். வயதும் கைவேகமும் வேறாக இருந்தும் மூவரும் ஏறத்தாழ ஒரே இடங்களில்தான் மாட்டிக்கொண்டார்கள். எதை முதலில் எடுக்க வேண்டும் என்பது தெரியாமல், திறக்கவே முடியாத வழியோடும் வெல்லவே தேவையில்லாத எதிரியோடும் மாலை முழுவதும் போராடியதே காரணம். ஆகவே இந்த வழிகாட்டி வரிசையைத்தான் முதன்மையாகச் சொல்கிறது. கதையின் திருப்பங்களை இயன்றவரை தவிர்த்திருக்கிறேன். வழியைச் சொல்லும்போது இடங்களின் பெயரும் எதிரிகளின் பெயரும் வெளிப்படுவதைத் தவிர்க்க இயலாது.

1. தொடங்குமுன் செய்ய வேண்டியவை

கணினியில் விளையாடுவதானால் 4 ஜிபி ரேமும் 9 ஜிபி இடமும் இருந்தால் போதும். பழைய மடிக்கணினியிலும் ஓடும் என்பதால் புதிதாக எதையும் வாங்கும் முன் இருப்பதில் முயன்று பாருங்கள். முதல் முடிவை எட்டப் பெரும்பாலானோருக்கு 25 முதல் 40 மணி நேரம் ஆகும். இரண்டு நாள் விடுமுறையில் முடித்துவிடலாம் என்ற கணக்கோடு அமர்ந்தால் அவசரம் வரும். இந்த விளையாட்டு அவசரத்தை மன்னிப்பதில்லை.

கீபோர்டில் ஆடுகிறவர்கள் ஒரு விசையை முதலிலேயே கவனிக்க வேண்டும். ஏ விசையை அழுத்திப் பிடித்தால் உயிர் ஏறும். தட்டிவிட்டால் மந்திரம் பாயும். பதற்றத்தில் விரல் சற்று முன்பே எழுந்துவிடுவதால், உயிருக்காகச் சேர்த்த சக்தி முழுவதும் மந்திரமாக வீணாவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். மந்திரத்துக்கு எஃப் விசை தனியாக இருக்கிறது. முதல் நாளிலிருந்தே மந்திரத்துக்கு எஃப், உயிருக்கு ஏ என்று விரலைப் பழக்கிக்கொண்டால் பின்னால் வரும் பெரிய சண்டைகளில் பாதிச் சிக்கல் குறையும்.

முதன்முறை ஆடும்போது வழக்கமான கிளாசிக் முறையில்தான் ஆட முடியும். ஆட்டத்தை முடித்தபின் திறக்கும் ஸ்டீல் சோல் முறையில் ஒருமுறை இறந்தால் ஆட்டமே முடிந்துவிடும்.

மின்சாரத்தையும் கணக்கில் வையுங்கள். மின்சாரம் போனால் ஆட்டத்துக்குள் நீங்கள் கடைசியாக அமர்ந்த பெஞ்சிலிருந்துதான் மீண்டும் எழ வேண்டியிருக்கும். நம் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். அந்தக் காலையில் பெரிய சண்டையைத் தொடங்காதீர்கள். மற்ற நாட்களிலும் கண்ணில் படும் பெஞ்சில் எல்லாம் ஒருமுறை அமர்ந்து எழுவது நல்லது.

2. முதல் அரைமணி நேரம்: மூன்று பழக்கங்கள்

ஆட்டம் கிங்ஸ் பாஸ் என்னும் குகைப்பாதையில் தொடங்குகிறது. அங்குள்ள எதிரிகள் எளியவர்கள் என்பதால் ஓடிக் கடந்துவிட எல்லோருக்கும் தோன்றும். அப்படிச் செய்யாமல் மூன்று பழக்கங்களை அங்கேயே கையில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

முதலாவது, உயிர்க் கணக்கு. தொடக்கத்தில் உங்களுக்கு 5 முகமூடிகள் உண்டு. ஓர் அடிக்குப் பெரும்பாலும் ஒரு முகமூடி உடையும். வாளை இந்த விளையாட்டு ஆணி என்றே அழைக்கிறது. ஆணியால் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் 11 அளவு ஆன்மசக்தி சேரும். ஒரு முகமூடியை மீட்க 33 வேண்டும். அதாவது மூன்று அடிக்கு ஓர் உயிர். இந்தக் கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால், உயிர் குறைந்தவுடன் எதிரியைவிட்டு ஓடுவதற்குப் பதிலாக மூன்று அடி அடித்துவிட்டு விலகி, உயிரை ஏற்றிக்கொள்ளலாம் என்ற தெளிவு வரும். ஏற்றுவதற்கு ஒரு நொடிக்குச் சற்றே கூடுதலாக அசையாமல் நிற்க வேண்டியிருப்பதால், எதிரி தன் பெரிய தாக்குதலை முடித்து ஓயும் நேரத்தைத்தான் அதற்குப் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது, கீழ்நோக்கி அடித்துத் துள்ளுவது. காற்றில் இருக்கும்போது கீழ் அம்பை அழுத்திக்கொண்டு எதிரியின் தலையிலோ முள்ளின் மீதோ அடித்தால் மேலே எழும்புவீர்கள். முள்ளின் மீது துள்ள முடியும் என்பதை நம்பாமல் பலர் பத்து மணி நேரம் ஆடிவிடுகிறார்கள். கிங்ஸ் பாஸில் முட்கள் உள்ள இடத்தில் இருபது முறை பழகுங்கள். அடிபட்டாலும் இழப்பு பெரிதில்லை.

மூன்றாவது, விழுவதற்கு அஞ்சாதிருப்பது. குகையைக் கடந்து டர்ட்மவுத் என்னும் ஊரை அடைந்ததும், கீழுலகுக்கு இறங்கும் வழியாக ஒரு கிணறு இருக்கும். அக்காள் மகன் அதன் விளிம்பில் நின்று, "மாமா, இதுல உளுந்தா செத்துப் போயிருவமுங்களா?" என்று கேட்டான். நூறடிக் கிணறுகளுக்கு நடுவே வளர்கிற பிள்ளைக்கு அந்த அச்சம் இயல்பே. இந்த விளையாட்டில் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் உயிர் குறையாது; முள்ளும் அமிலமும்தான் வருத்தும். அது தெரிந்ததும் அவன் ஆடும் விதமே மாறிவிட்டது.

3. எதிரிக்கு முன் வரைபடம்

கிணற்றுக்குக் கீழே உள்ள ஃபர்காட்டன் கிராஸ்ரோட்ஸ் பகுதியில் முதலில் தேட வேண்டியவர் கார்னிஃபர் என்னும் வரைபடக்காரர். தரையில் தாள்கள் சிதறிக் கிடந்தால், யாரோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டால், அவர் அருகில்தான் இருக்கிறார். அவரிடம் 30 ஜியோவுக்கு வரைபடத்தை வாங்குங்கள். ஜியோ என்பது எதிரிகளிடமிருந்து உதிரும் பணம்.

வரைபடம் மட்டும் போதாது என்பதுதான் பலர் அறியாதது. டர்ட்மவுத்தில் கார்னிஃபரின் மனைவி இசெல்டா நடத்தும் கடையில் 120 ஜியோவுக்கு எழுதுகோலையும், 220 ஜியோவுக்குத் திசைகாட்டித் தாயத்தையும் வாங்க வேண்டும். எழுதுகோல் இல்லாவிட்டால் நீங்கள் புதிதாகக் கண்ட அறைகள் வரைபடத்தில் ஏறா. இருந்தாலும் பெஞ்சில் அமர்ந்த பிறகே ஏறும். தாயத்து இல்லாவிட்டால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது தெரியாது. பக்கத்து வீட்டு மாணவி திசைகாட்டிக்குச் செலவிடுவது வீண் என்று நினைத்து இரண்டு மாலைகள் ஒரே சுரங்கத்தைச் சுற்றினார். தொடக்கத்தில் தாயத்து அணிய மூன்று இடங்களே உண்டு. அவற்றில் ஒன்றை இதற்குக் கொடுப்பதில் தவறில்லை. நிலம் பழகிய பிறகு கழற்றிக்கொள்ளலாம்.

4. கிராஸ்ரோட்ஸில் முடிக்க வேண்டிய வேலைகள்

இங்கே மூன்று வேலைகள் உள்ளன. க்ரஸ் மதர் என்னும் பெருத்த ஈயைக் கொன்றால் அதற்கப்பால் மயங்கிக் கிடக்கும் ஸ்லை என்னும் வணிகர் மீண்டு ஊருக்குத் திரும்பிக் கடை திறப்பார். ஆன்செஸ்ட்ரல் மவுண்ட் என்னும் புற்றில் இருக்கும் நத்தைப் பூசாரி வெஞ்ச்ஃபுல் ஸ்பிரிட் என்னும் முதல் மந்திரத்தைத் தருவார். அடுத்த பகுதிக்குச் செல்லும் வழியை அடைத்துக் கிடக்கும் ஓட்டுப்புழுவைக் கொல்ல அந்த மந்திரமே வழி. ஆணியால் அதன் ஓட்டை மணிக்கணக்கில் அடித்துப் பயனில்லை.

மூன்றாவது வேலை ஃபால்ஸ் நைட் என்னும் கவச எதிரி. அவன் கவசம் உடைந்து மல்லாந்து விழும்போது தலைப்பகுதியில் தெரியும் புழுவை அடிக்க வேண்டும். அவன் விழுந்த நேரத்தில் உயிரை ஏற்றுவதா அடிப்பதா என்ற குழப்பம் வரும். இரண்டு முகமூடிகளுக்குக் கீழே இருந்தால் உயிர், இல்லையேல் அடி என்று முன்னரே முடிவு செய்துகொள்ளுங்கள். அவனை வென்றால் கிடைக்கும் சிட்டி க்ரெஸ்ட் பின்னால் நகரத்தின் வாயிலைத் திறக்கும். பலர் இதைத் தவறவிட்டு வாயில்வரை சென்று திரும்புகிறார்கள்.

இறந்தால் என்ன ஆகும் என்பதை இங்கே தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பணம் முழுவதும் இறந்த இடத்தில் ஒரு நிழலிடம் தங்கிவிடும். ஆன்மசக்திக் கலமும் உடைந்து குறைவாகவே நிறையும். நிழலை அடித்து வீழ்த்தினால் இரண்டும் திரும்பும். அதற்குள் மறுபடியும் இறந்தால் முதல் பணம் போனது போனதுதான். ஆகவே இறந்த பிறகு செல்லும் பயணம் மீட்புக்கான பயணம் மட்டுமே. வழியில் புதிய அறையை ஆராயக் கூடாது. பையில் பணம் பெருகியிருக்கும்போது முன்னேறுவதை நிறுத்தி, ஊருக்குத் திரும்பிச் செலவழித்துவிட்டு வருவதே பாதுகாப்பு.

5. மேலாடையும் நகமும்

மந்திரத்தைப் பெற்றதும் மேற்கே கிரீன்பாத். அதன் கடைசியில் ஹார்னெட் என்னும் வீராங்கனையை வென்ற பிறகு மாத்விங் க்ளோக் என்னும் மேலாடை கிடைக்கும். அதனால் காற்றிலும் தரையிலும் பாய்ந்து செல்லலாம். ஹார்னெட் தன் ஊசியை எறியும் தருணம்தான் உங்களுக்கான வாய்ப்பு: ஊசியின் மேலாகக் குதித்துச் சென்று இரண்டு அடி அடித்துவிட்டு விலகுங்கள். மூன்றாவது அடிக்கு ஆசைப்பட்ட ஒவ்வொரு முறையும் நண்பர் அடி வாங்கினார்.

பிறகு ஃபாக் கேன்யன் வழியாகக் குவீன்ஸ் ஸ்டேஷனைக் கடந்து ஃபங்கல் வேஸ்ட்ஸ் என்னும் காளான் நிலத்துக்குச் செல்லுங்கள். அங்கே மான்டிஸ் கிராமத்தில் கிடைக்கும் மான்டிஸ் க்ளா சுவரில் பற்றி ஏற உதவும். இது கையில் வந்த பிறகே விளையாட்டு உண்மையில் திறக்கிறது. இதற்கு முன் ஏற முடியாத சுவரைக் கண்டால் ஏதோ தந்திரம் இருக்கும் என்று நின்று முயல வேண்டாம்; வரைபடத்தில் குறித்துவிட்டு நகருங்கள்.

அதே கிராமத்தின் அடியில் மான்டிஸ் லார்ட்ஸ் மூவர் காத்திருப்பார்கள். முதலில் ஒருவர் வருவார். பின்னர் இருவர் சேர்ந்து வருவார்கள். இவர்களை இப்போதே வெல்ல வேண்டியதில்லை. ஆணியை ஒருமுறை தீட்டிக்கொண்டு திரும்பி வந்தால் சண்டை நியாயமாக இருக்கும். வென்றபின் கிராமத்துப் பூச்சிகள் உங்களைத் தாக்காமல் தலைவணங்கும்.

6. கண்ணீர் நகரம்: பணத்தை எங்கே செலவிடுவது

சிட்டி ஆஃப் டியர்ஸ் எப்போதும் மழை பெய்கிற நகரம். இங்கே வந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம் நகரத்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் கொல்லரிடம் ஆணியைத் தீட்டுவது. முதல் முறைக்கு 250 ஜியோ மட்டுமே. தாக்கும் வலிமை 5இலிருந்து 9 ஆகும். "ஏனுங்க, அடிச்சாலும் அடிச்சாலும் சாவ மாட்டேங்குதுங்க" என்று நண்பர் சொன்னபோது அவருடைய பையில் ஆயிரத்துக்கு மேல் ஜியோ இருந்தது. இருட்டுப் பகுதிகளுக்கான விளக்குக்காகச் சேர்த்து வைத்திருந்தார். ஆணிதான் முதலில், மற்றவை பிறகு. இரண்டாவது முறைக்கு 800 ஜியோவுடன் பேல் ஓர் என்னும் வெண்தாது ஒன்றும் வேண்டும்.

இதே நகரத்தில் லெம் என்பவர் பழம்பொருட்களை வாங்குகிறார். நாட்குறிப்புக்கு 200, முத்திரைக்கு 450, அரசச் சிலைக்கு 800, முட்டைக்கு 1,200 என்று விலை தருகிறார். ஆகவே அதுவரை சேர்ந்த பழம்பொருட்களை விற்றாலே அடுத்த செலவுகளுக்குப் பணம் கிடைத்துவிடும். எதிரிகளைத் திரும்பத் திரும்பக் கொன்று காசு சேர்க்கத் தேவையில்லை.

ஸ்லை கடையில் வாங்க வேண்டிய முதன்மையான இரண்டு, 950 ஜியோவுக்குக் கிடைக்கும் எளிய சாவியும் 1,800 ஜியோவுக்குக் கிடைக்கும் லுமாஃப்ளை விளக்கும் ஆகும். சாவியை நகரத்தில் உள்ள கழிவுநீர்ப் பாதையின் மூடிக்கே முதலில் பயன்படுத்துங்கள். வேறு பூட்டுகளும் இதே சாவியால் திறக்கும் என்றாலும் கதையை முன்னே கொண்டு செல்வது அந்த மூடிதான்.

ஃபாக் கேன்யனில் மில்லிபெல் என்பவர் வங்கி நடத்துகிறார். பெரிய தொகையைக் கொடுத்து வைத்தால் அவர் பணத்தோடு மறைந்துவிடுவார். ஈமு கோழிப் பண்ணையில் பணம் போட்டு இழந்தவர்களை நேரில் அறிந்த ஊர்க்காரர்கள் நாம். அங்கே பணம் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் நகரத்தில் உள்ள ப்ளெஷர் ஹவுஸில் அவரைக் கண்டுபிடித்து அடித்தால் பணம் உதிரும்.

நகரத்துச் சண்டைகளில் முக்கியமானது சோல் சாங்டம் மாளிகையின் உச்சியில் இருக்கும் சோல் மாஸ்டர். அவன் வீழ்ந்துவிட்டதாகத் தோன்றும் இடத்தில் சண்டை முடிவதில்லை. தரை உடைந்து இரண்டாம் கட்டம் தொடங்கும். ஆகவே கைகளைத் தளர்த்தாமல், அந்த இடைவெளியில் உயிரை ஏற்றிக்கொள்ளுங்கள். வென்றால் டெசலேட் டைவ் என்னும் மந்திரம் கிடைக்கும். பலவீனமான தரையை உடைத்து இறங்க அது வேண்டும்.

7. நான்கு திறன்கள், இந்த வரிசையில்

கிரிஸ்டல் பீக் சுரங்கத்தில் கிரிஸ்டல் ஹார்ட் கிடைக்கும். நீண்ட தூரம் நேர்க்கோட்டில் பறக்க உதவும். விளக்கையோ டெசலேட் டைவையோ கொண்டு உள்ளே நுழையலாம். அங்கிருந்து தரையை உடைத்து ரெஸ்டிங் கிரவுண்ட்ஸ் என்னும் இடுகாட்டுக்கு இறங்கினால் ட்ரீம் நெய்ல் என்னும் கனவு ஆணி கைக்கு வரும். இது இல்லாமல் ஆட்டத்தை முடிக்கவே முடியாது. ஆகவே இதற்கு முன், ஆட்டம் முடியும் இடமான கறுப்பு முட்டைக் கோயிலைச் சுற்றி வருவது நேர விரயம்.

மூன்றாவது, ஏன்ஷியன்ட் பேசினில் ப்ரோக்கன் வெசல் என்னும் எதிரியை வென்று பெறும் மோனார்க் விங்ஸ். காற்றில் இரண்டாம் முறை குதிக்க உதவும் இந்தச் சிறகுகள் வந்த பிறகு, எட்டாமல் விட்டுவந்த பல மேடைகள் எட்டும். அதே பகுதியில் வெண்தாது ஒன்றும் இருக்கிறது. எடுத்துக்கொண்டு நேரே கொல்லரிடம் செல்லுங்கள்.

நான்காவது, இஸ்மாஸ் டியர். கழிவுநீர்ப் பாதையில் டங் டிஃபெண்டரை வென்று, விசைக்கோலை அடித்து அமிலத்தை வடித்து, அப்பால் உள்ள சோலையில் பெற வேண்டும். அதன் பின் அமிலத்தில் நீந்தலாம்.

8. மூன்று ட்ரீமர்கள்

கடைசிக் கோயிலின் கதவை மூவர் உறங்கியபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். எந்த வரிசையிலும் அணுகலாம் என்றாலும் புதியவர்களுக்கு நான் மோனோமான், லூரியன், ஹெர்ரா என்ற வரிசையையே சொல்கிறேன்.

மோனோமான் ஃபாக் கேன்யனில் அமிலம் சூழ்ந்த டீச்சர்ஸ் ஆர்க்கைவ்ஸில் இருக்கிறார். காவலுக்கு உமூ என்னும் பெரிய நுங்குமீன் மிதக்கும். அதன் உடலை ஆணி ஒன்றும் செய்யாது. குவிரல் என்னும் பயணி வந்து அதைக் குத்தும்வரை விலகி உயிர் காப்பதே வேலை. அது சரிந்ததும் ஓடிச் சென்று அடியுங்கள். ஓயாமல் அடித்துக் களைத்துப்போவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு.

லூரியன் நகரத்துக் கோபுரத்தின் உச்சியில். அங்கே வாட்சர் நைட்ஸ் ஆறு பேர், இருவர் இருவராக எழுவார்கள். முழு விளையாட்டிலும் புதியவர்கள் மனம் உடைவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அரங்கத்துக்கு முந்தைய அறையில் உடையக்கூடிய மறைவுப்பகுதி ஒன்று இருக்கிறது. சுவர்களையும் மேற்பரப்பையும் ஆணியால் தட்டிப் பார்த்தால் அகப்படும். அதன் வழியே ஏறினால் அரங்கத்துக்கு மேலே தொங்கும் சரவிளக்கை அடையலாம். அதை அறுத்து விழச் செய்தால் ஆறில் ஒருவர் சண்டைக்கு முன்பே ஒழிந்துவிடுவார். மீதி ஐந்து பேரிடமும் ஒரே விதி: இருவரும் உங்களுக்கு ஒரே பக்கம் இருக்கும்படி நகருங்கள், நடுவில் சிக்காதீர்கள். ஒருவன் உருண்டு வந்தால் அவன் மேலாகக் குதித்துக் கீழ்நோக்கி அடியுங்கள். முதலாமவன் விழுந்து அடுத்தவன் எழும் இடைவெளியில் உயிர் ஏற்றுங்கள். டெசலேட் டைவும் ஷேமன் ஸ்டோன் தாயத்தும் சேர்ந்தால் இருவரையும் ஒரே வீச்சில் வருத்தலாம். அந்தத் தாயத்து கிராஸ்ரோட்ஸில் சலூப்ராவின் கடையில் 220 ஜியோவுக்குக் கிடைக்கிறது. மூன்று இடங்களைப் பிடிக்கும். அக்காள் மகன் பதினேழு முறை தோற்று, சரவிளக்கை விழச் செய்தபின் மூன்றாம் முயற்சியில் வென்றான்.

ஹெர்ராவுக்குக் காவல் எதிரி இல்லை, வழிதான் எதிரி. டீப்நெஸ்ட் இருட்டும் முள்ளுமாகப் பின்னிக் கிடக்கும் நிலம். விளக்கில்லாமல் இறங்கவே வேண்டாம். மான்டிஸ் லார்ட்ஸை வென்றபின் அவர்களுக்கு அப்பால் திறக்கும் வழியே நுழைந்தால் ஓரளவு தெளிவாகச் செல்லலாம். டிஸ்டன்ட் வில்லேஜை அடைந்ததும் பெரிய வண்டு உங்களைச் சுமந்து செல்லும் ஸ்டாக் நிலையத்தை அங்கே முதலில் திறந்துவிடுங்கள்; திரும்பும் வழி உறுதியாகிவிடும். அந்த ஊரில் உங்களை அன்போடு அழைத்து அமரச் சொல்லும் பெஞ்சில் அமர்ந்தால் கட்டிவைத்துவிடுவார்கள். பயப்பட வேண்டாம், ஹெர்ராவின் இருப்பிடத்துக்குள் கொண்டு சேர்ப்பதும் அதுவே.

மூவரையும் கண்டவுடன் ட்ரீம் நெய்லால் அடித்துக் கனவுக்குள் நுழைந்து, அங்கே ஆணியால் முடிக்க வேண்டும்.

9. கறுப்பு முட்டைக் கோயில்

மூன்று முத்திரைகளும் உடைந்தபின் கிராஸ்ரோட்ஸில் உள்ள கோயில் திறக்கும். இப்போது அந்தப் பகுதி நோய் பரவி ஆரஞ்சு நிறத்தில் வீங்கிக் கிடக்கும். பழைய வழிகள் சில அடைபட்டிருக்கும், எதிரிகளும் வலுத்திருப்பார்கள். ஆகவே உள்ளே செல்லுமுன் பணத்தைச் செலவழித்துவிடுங்கள், அருகிலுள்ள பெஞ்சில் அமர்ந்து தாயத்துகளை மாற்றிக்கொள்ளுங்கள். திசைகாட்டியை இங்கே கழற்றிவிடலாம். விரைவாக உயிர் ஏற்றும் க்விக் ஃபோகஸ், ஆன்மசக்தியைக் கூட்டும் சோல் கேட்சர் ஆகிய இரண்டும் புதியவர்களுக்கு நம்பகமானவை.

உள்ளே கட்டுண்டு கிடப்பவனின் சங்கிலிகளை அடித்து அறுத்தால் சண்டை தொடங்கும். அவன் தன்னையே குத்திக்கொள்ளும் கட்டம் வரும். அதைப் பார்த்துத் திகைத்து நிற்காமல் உயிரை நிரப்பிக்கொள்ளுங்கள், ஏனெனில் அடுத்து வரும் வீச்சுகள் கணிக்கக் கடினமானவை.

அவன் வீழ்ந்தால் முதல் முடிவைக் காண்பீர்கள். ஆட்டத்தை மீண்டும் திறந்தால் சண்டைக்கு முந்தைய நிலையிலேயே இருப்பீர்கள் என்பதால் எதையும் இழந்துவிடவில்லை.

வேறு முடிவு வேண்டுமானால் வாய்ட் ஹார்ட் தாயத்து வேண்டும். அதற்கு எசன்ஸ் என்னும் கனவுச்சாற்றை 1,800 அளவு சேர்த்து ட்ரீம் நெய்லை விழிக்கச் செய்ய வேண்டும். கிசுகிசுக்கும் வேர்களும் ஆவி வீரர்களும் அதைத் தருவார்கள். பிறகு ஏன்ஷியன்ட் பேசினில் இறந்து கிடக்கும் வெண்கவசத்தின் கனவு வழியே வெள்ளை மாளிகைக்குள் நுழையலாம். அங்கே சுழல்ரம்பங்கள்தான் எதிரி. ஆன்மசக்தி வற்றாத தூண்கள் அங்கங்கே நிற்பதால் அவற்றை அடித்து உயிரை நிரப்பிக்கொண்டு, ஒவ்வொரு ரம்பத்தின் சுற்றையும் இருமுறை பார்த்தபின் குதியுங்கள். அங்கே கிடைக்கும் பாதித் தாயத்தோடு குவீன்ஸ் கார்டன்ஸில் வெள்ளை அரசி தரும் மறுபாதியைச் சேர்த்து, கிங்டம்ஸ் எட்ஜில் கிங்ஸ் பிராண்டைப் பெற்று, தாயத்தை அணிந்தபடி அபிஸின் அடிக்கு இறங்க வேண்டும்.

வாய்ட் ஹார்ட்டோடு கோயிலுக்குத் திரும்பினால் சண்டையின் இறுதியில் ஹார்னெட் வந்து அவனைப் பற்றிக்கொள்வாள். அந்தச் சில நொடிகளில் ட்ரீம் நெய்லால் அவனை அடித்தால் ரேடியன்ஸ் என்னும் கடைசி எதிரியுடனான சண்டை திறக்கும். அடிக்காமல் சண்டையை முடித்தால் வேறொரு முடிவு வரும். ரேடியன்ஸிடம் தோற்றால் முதல் சண்டையிலிருந்தே மீண்டும் ஆட வேண்டியிருப்பதால், ஹார்னெட் வரும் வேளைக்குச் சற்று முன்பே முகமூடிகளையும் ஆன்மசக்தியையும் நிரம்ப வைத்துக்கொண்டு, அதன் பிறகே அந்தக் கடைசி அடியை அடியுங்கள்.